பொம்மைத் துப்பாக்கிக்கு இருபது வயது

1. முதல் நாள்

பம்ப்செட் கம்பெனியின் டச்சப் செக்‌ஷனில் நான் சேர்ந்த முதல் நாள், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ராமசாமி சார் ஒரு மோட்டாரைத் தூக்கி என் மேசைமேல் வைத்தார். புத்தம் புது மோட்டார், நீல பெயின்ட். அசெம்பிளியில் யாரோ ஸ்பேனரை நழுவவிட்டு, பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் போட்டிருந்தார்கள். "இதைச் சரி பண்ணு அம்மிணி" என்றார். எமரித் தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் வைத்து, அதன்மேல் நீலத்தைத் தொட்டு, காய்ந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"பெயின்ட் நல்லாத்தான் இருக்குது. ஆனா நீ தொட்டது தெரியுது. தெரியறதுக்கு எதுக்கு ஒரு ஆளு? மறுக்காப் போட்டுக் கொண்டா."

நான்கு தடவை திருப்பி அனுப்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்தாவது தடவை கீறல் எந்த இடத்தில் இருந்தது என்று அவருடைய கட்டைவிரலுக்கே தெரியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் மோட்டாரை, சரக்கை வெளியே அனுப்புகிற டிஸ்பேட்ச் பக்கம் தள்ளிவிட்டார். அவரிடம் பாராட்டு என்றால் அவ்வளவுதான் என்று போகப் போகப் புரிந்துகொண்டேன்.

இருபத்தாறு வருடம் அந்த மேசையில் இருந்தேன். என் கையைத் தாண்டி கேட்டுக்கு வெளியே போன மோட்டாரில் ஒரு கீறலைக் காட்டச் சொல்லுங்கள், இன்றைக்கும் பந்தயம் கட்டுவேன். அப்படிப்பட்ட என்னிடம்தான், ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதம் ஒருவர் வந்து, "அக்கா, இதுல நல்லாக் கீறல் போட்டுக் குடுக்கோணும்" என்று கேட்டார்.

2. ரியாஸ் கொண்டுவந்த பை

கேட்டவர் ரியாஸ். கோட்டைமேட்டுக்காரர், செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த நூர்ஜஹானின் தம்பி. குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் ஆர்ட் டைரக்டர். அதாவது, படத்தில் ஆட்களைத் தவிர மற்ற எது தெரிந்தாலும் அதற்கு அவர்தான் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோமனூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, பையிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பொம்மைத் துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். டவுன்ஹால் பக்கத்துக் கடைகளில் தொங்குமே, ஸ்பாஞ்ச் குண்டு போட்டுச் சுடுவது, அதேதான். ஆரஞ்சும் பச்சையுமாகக் கண்ணைப் பறித்தது.

படத்தின் கதையைச் சொன்னார். வருங்காலத்தில் நம் பக்கத்துக் கிணறும் போர்வெல்லும் எல்லாம் வற்றிவிட்டன. மிச்சமிருக்கும் ஒரே ஒரு போர்வெல்லுக்கு ஒரு பெண் இருபது வருடமாகக் காவல் இருக்கிறாள். அவளுடைய ஆயுதம் இந்தத் துப்பாக்கி.

"ஒரு ஷாட் இருக்குதுங்க்கா. வசனமே கெடையாது. துப்பாக்கி அவ மடியில கெடக்கும். கை மெதுவா வந்து அது மேல உக்காரும். அதைப் பாத்த உடனே, இவ இருவது வருசமா இதைய வெச்சுட்டுத்தான் உக்காந்திருக்கறான்னு புரிஞ்சுபோகோணும். நான் ஒண்ணு பண்ணிக் குடுத்தேன். டைரக்டர் மேடம், கருப்பு அடிச்ச பொம்மைன்னு ஒரே வார்த்தைல தள்ளிட்டாங்க. வெள்ளிக்கெழமை மதுக்கரைப் பக்கம் கல் குவாரியில ஷூட்டிங். ஒரு நாளைக்குத்தான் பர்மிஷன் குடுத்திருக்காங்க. அன்னிக்குத் துப்பாக்கி சரியில்லீன்னா அந்த ஷாட்டே வேண்டாம்னுட்டாங்க."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வீட்டை ஒட்டிய குடோனில் நான்கு தறி போட்டு ஓட்டுகிறவர். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏனுங் தம்பி, கீறல மறைக்கறவகிட்ட வந்து கீறலப் போடச் சொல்றீங்களே. இவளுக்கு அது கையில வருமுங்ளா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், ஐந்து மாதமாக வீட்டில் சும்மா இருந்ததில், கம்பெனி கேட்டுக்கு வெளியே என் கைக்கு ஏதாவது மதிப்பு இருக்கிறதா என்ற கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. ராத்திரி பகல் எந்நேரமும் அதே நினைப்பு. "வியாழக்கெழமை சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். டீ குடித்தவரை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

3. தின்னர்

திங்கட்கிழமை காலை முதல் துப்பாக்கியைக் கொன்றேன்.

கம்பெனியில் எந்தச் சாமான் மேசைக்கு வந்தாலும் முதல் வேலை, பெயின்ட்டைக் கரைக்கிற தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது. கை பழகிய வேலை. அதேபோல் இதையும் நன்றாக அழுத்தித் துடைத்தேன். ஒரு நிமிடத்தில் பிளாஸ்டிக் இளகி, துணியின் நூல் அதில் ஒட்டிக்கொண்டு, என் கட்டைவிரல் ரேகை வரி வரியாகப் பதிந்துவிட்டது. இத்தனை வருடம் இரும்பை மட்டுமே தொட்டவளுக்கு வருகிற கேடு இது. வார்ப்பு இரும்பு எதையும் தாங்கும், பொம்மைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

வீட்டுக்காரர் தறிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். "பரவால்லியே, கீறலு வந்திருச்சாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மதியம் அவருக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

இரண்டாவதைத் தின்னர் பக்கமே கொண்டுபோகவில்லை. ஸ்குரூவைக் கழற்றி உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். பொம்மை இரண்டு பாதியாக வார்த்து ஒட்டுவது. நடுவில் தலைவகிடு மாதிரி ஒரு கோடு ஓடும். பொம்மையைப் பொம்மை என்று முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கோடுதான். அதில் பட்டி பூசி, வாட்டர் பேப்பர் போட்டுக் கோடு போகிறவரை தேய்த்தேன். பக்கவாட்டில் புடைப்பாக இருந்த பொம்மைக் கம்பெனி முத்திரையையும் தேய்த்து எடுத்தேன். இதெல்லாம் எனக்குத் தெரிந்த வேலை, மனசு கொஞ்சம் தெளிந்தது.

அப்புறம் பெயின்ட். இருபது வருடம் போர்வெல்லுக்குக் காவல் இருப்பவள் துப்பாக்கிக்கு என்ன நிறம் அடித்திருப்பாள்? மோட்டார் ரூமில் மிஞ்சிக் கிடந்ததைத்தான் அடித்திருப்பாள். ஆகவே எங்கள் பம்ப்செட் நீலமேதான் என்று முடிவு செய்தேன். ஆனால் இரும்பில் பெயின்ட் தேய்ந்தால் நேராக இரும்பு தெரியாது. மேலே நீலம் போனால் அடியில் துருவுக்காக அடித்த ரெட் ஆக்ஸைடு சிவப்பாகத் தெரியும், அதுவும் போன பிறகுதான் வெள்ளி மாதிரி இரும்பு. அந்த வரிசையைத் தலைகீழாக ஏற்றினேன். முதலில் பிளாஸ்டிக்குக்கு உண்டான பிரைமர், அதன்மேல் அலுமினியம் பெயின்ட், அதன்மேல் ரெட் ஆக்ஸைடு, கடைசியாக நீலம். ஒவ்வொரு கோட்டும் முழுவதும் காய்ந்த பிறகே அடுத்தது.

ரியாஸ் ஃபோனில் கேட்டார்: "கேமராவுக்கு ஒரு பக்கந்தானுங்க்கா தெரியும். அக்கட்டாலப் பக்கத்துக்கெல்லாம் எதுக்கு இத்தன கோட்டு?"

"மோட்டாருக்கு அடிப்பக்கம் தெரியாதுன்னு பெயின்ட் இல்லாம அனுப்புவமா தம்பி?" என்று கேட்டேன்.

4. அம்மைத் தழும்பு

புதன்கிழமை கீறல் போட உட்கார்ந்தேன். பிய்த்த ஸ்பாஞ்சில் வெள்ளி நிறம் தொட்டு ஒற்றினேன், பிளேடு நுனியால் சுரண்டினேன். நான்கு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் செய்து, ஃபோட்டோ எடுத்து ரியாஸுக்கு அனுப்பினேன். அவர் டைரக்டருக்கு அனுப்பினார். நிவேதா என்று பெயர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், பொள்ளாச்சிப் பெண். அந்தப் பெண்ணின் குரல் பதிவு எனக்கே வந்தது.

"அக்கா, பெயின்ட் சூப்பருங்க. ஆனா தப்பா நெனச்சுக்காதீங்க, அம்மை போட்டு எந்திரிச்ச மாதிரி இருக்குதுங்க."

கோபத்தோடு துப்பாக்கியைப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது சரி. எல்லாக் கீறலும் ஒரே அளவு, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. பெயின்ட்காரிக்கு எங்கும் ஒரே சீராக இருப்பதுதான் அழகு. கீறலையும் அதே அழகோடு போட்டு வைத்திருக்கிறேன். இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. தானாக விழுந்த மாதிரி இயல்பாக வந்திருந்த ஒரே ஒரு கீறலை, ஃபோட்டோ எடுப்பதற்கு முன் நானே நீலம் தொட்டு மூடியிருக்கிறேன். மூடிய நினைவே எனக்கு இல்லை.

வெறுத்துப்போய்க் குடோனுக்குள் போய் நின்றேன். கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்தன. கதவோரத் தறியின் மேல் என் கண் போனது. அந்தத் தறியை வாங்கி இருபது வருடம் இருக்கும். ஓட விடவும் நிறுத்தவும் பிடித்து இழுக்கிற கைப்பிடியில் பெயின்ட் பெயருக்குக்கூட இல்லை, இரும்பு கண்ணாடியாக மின்னியது. அதற்கு ஒரு சாண் தள்ளி, யார் கையும் போகாத மூலையில், பெயின்ட் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. அங்கே கிரீஸும் அதில் ஒட்டிய பஞ்சும்தான் சேர்ந்திருந்தன. நெசவுக்காரர் இடுப்பு உரசும் விளிம்பில் மட்டும் நீளமாக ஒரு தேய்மானம். தினம் பார்க்கிற தறி. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பழசு என்றால் எல்லா இடமும் பழசு கிடையாது. கை படுகிற இடம் தேயும், படாத இடத்தில் அழுக்குச் சேரும், இரண்டுக்கும் நடுவில் புதுசு மாதிரியே பாதி சாமான் இருக்கும். துப்பாக்கியை வலது கையில் பிடித்துப் பார்த்து, ஆள்காட்டி விரல் படுக்கும் இடம், கட்டைவிரல் அழுத்தும் இடம், உள்ளங்கை உட்காரும் பின்பக்கம் என்று குறித்துக்கொண்டேன். முழுதும் மறுபடி நீலம் அடித்து, காய்ந்த பின் குறித்த இடங்களில் மட்டும் பாத்திரம் தேய்க்கிற ஸ்காட்ச் பிரைட் போட்டுத் தேய்த்தேன். நீலம் போய்ச் சிவப்பு எட்டிப் பார்த்தது, பிறகு வெள்ளி. அதன்மேல் பென்சில் கரியைப் பொடித்துத் தேய்த்ததும் இரும்பின் மினுக்கு வந்துவிட்டது. இடுக்குகளில் பழுப்புப் பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து விட்டு, மேலாகத் துடைத்தேன்.

வியாழன் சாயங்காலம் ரியாஸ் அதைக் கையில் வாங்கியதும், கனமாக இருக்கும் என்று நினைத்துக் கையைத் தாழ்த்திக்கொண்டார். வெயிட் இல்லாததைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, ஷூட்டிங்குக்கு நீங்களும் வரோணும். இதையக் கொண்டுட்டு பஸ்ஸுல வந்தீங்கன்னா போலீஸ் ஸ்டேஷன்லதான் எறங்கோணும். காலைல நானே வண்டி கொண்டாரேன்" என்றார். படக் கம்பெனி லெட்டரோடு துணியில் சுற்றித்தான் மறுநாள் எடுத்துப் போனோம்.

5. எனக்குத் தெரியுதல்ல

குவாரியில் எல்லாமே வெள்ளைப் புழுதி. ஒரு தகரக் கொட்டகையைப் போர்வெல் ரூமாக மாற்றி வைத்திருந்தார்கள். நிவேதா துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு ஒரு கதையே இருக்குதுங்க" என்றது. ரியாஸின் முகத்திலிருந்து ஒரு வாரத்துக் கவலை இறங்கியதைப் பார்த்தேன். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

அடுத்து அந்த ஷாட்டுக்கு ஒத்திகை. காவல்காரியாக நடிக்கும் பெண் கல்மேல் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டது. கை மெதுவாக வந்து அதன்மேல் உட்கார்ந்தது. இடது கை.

அந்தப் பெண்ணுக்கு இடது கைப் பழக்கம். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வலது கைக்குத் தேய்த்திருந்தேன். மின்னுகிற இடத்தில் ஒரு விரலும் படவில்லை. விரல்கள் உட்கார்ந்த இடத்தில் நீலம் புதுசாக இருந்தது. இருபது வருடம் வேறு யாரோ வைத்திருந்த துப்பாக்கியை அவள் இன்றைக்கு எடுத்து வந்த மாதிரி இருந்தது. மற்ற எல்லோரும் ரொம்ப நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரியாஸின் காதில் சொன்னேன். அவர் ஒரு கணம் பார்த்தார், புரிந்துவிட்டது. "அக்கா, சத்தம் போடாதீங்க. மூணு செகண்டு ஷாட்டுங்க. யாருக்கும் தெரியாது. வெளிச்சம் வேற போயிட்டிருக்குது."

"எனக்குத் தெரியுதல்ல தம்பி."

நேராக நிவேதாவிடம் போனேன். இவ்வளவு நேரம் தலையில் தூக்கி வைத்திருந்தவர்களிடம் போய், நான் செய்தது தப்பு என்று நானே சொல்ல வேண்டும். "அம்மிணி, இது இந்தக் கைக்கான துப்பாக்கி இல்லீங். தப்பு எம்பட தப்பு. அரை மணி நேரம் குடுங்க" என்றேன். அந்தப் பெண் துப்பாக்கியைப் பார்த்தது, நடிகையின் கையைப் பார்த்தது, மேலே சூரியனைப் பார்த்தது. "அரை மணிதானுங்க்கா. அதுக்குள்ள நடந்து வர்ற ஷாட்டை எடுத்தர்றோம். அதுக்கு மேலன்னா அந்த ஷாட்டையே விட்டரோணும்."

இடது கை எங்கெங்கே படும் என்று ஊகிக்க நேரம் இல்லை. எங்கள் கம்பெனியில் ஃபிட்டர்கள் ஒரு வேலை செய்வார்கள். இரண்டு இரும்பு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, ஒன்றில் நீலச் சாயம் தடவி மற்றதோடு சேர்த்து எடுப்பார்கள். எங்கே சாயம் ஒட்டுகிறதோ அங்கே படுகிறது என்று அர்த்தம். மேக்கப் பெண்ணிடம் கண் மை வாங்கி, நடிகையின் இடது உள்ளங்கை முழுக்கப் பூசினேன். "கண்ணு, எதையும் நெனைக்காம நீ புடிக்கற மாதிரிப் புடி" என்றேன். பிடித்து விட்டதும் துப்பாக்கியில் ஒரு கையின் கணக்கு முழுக்கப் பதிந்துவிட்டது.

மை பட்ட இடங்களில் தேய்க்க ஆரம்பித்தேன். யாருக்கும் தெரியாத பக்கம் என்று ரியாஸ் சொன்ன பக்கத்திலும் நான்கு கோட்டு இருந்தது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பும் வெள்ளியும் ஒழுங்காக வந்தன. ஒரு கோட்டு குறைத்து அடித்திருந்தால் உள்ளே இருந்த பச்சை பிளாஸ்டிக் பல்லைக் காட்டியிருக்கும்.

அப்புறம் மற்ற பக்கம். வலது கைக்கென்று நான் ஆசை ஆசையாகத் தேய்த்த இடத்தை இப்போது மறைக்க வேண்டும். மஞ்சப்பையிலிருந்து என் பழைய டச்சப் டப்பாவை எடுத்தேன். வாட்டர் பேப்பர், பிரைமர், ரெட் ஆக்ஸைடு, நீலம். மேக்கப் பெண் தலைமுடி காயவைக்கிற டிரையரைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றாக ஏற்றினேன். புது நீலம் தனியாகத் தெரியாமல் இருக்க, காலடியில் கிடந்த குவாரிப் புழுதியையே பிரஷ்ஷில் தொட்டு மேலே தட்டினேன். அந்த வேலைக்கு என் கை நடுங்கி இருபத்தாறு வருடம் ஆகிறது.

இருபத்தெட்டாவது நிமிடம் கொடுத்தேன். கேமரா ஓடியது. இடது கை வந்து தன்னுடைய தடத்திலேயே உட்கார்ந்தது.

அன்று வீடு திரும்பியதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கதவோரத் தறிய மட்டும் பாத்துப்போட்டு ஓடினா இப்பிடித்தான். எதுத்த தறியப் பாத்தியா? ரைட் தறிக்கு எதுக்க லெஃப்ட் தறி நிக்குது, அதுல கைப்பிடி அக்கட்டால இருக்குது. கண்ணாலமாகி வந்ததுல இருந்து பாக்கறயல்ல?" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அன்றைக்கு அவரே காபி போட்டுக் கொடுத்தார் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

6. டிஸ்பேட்ச்

படம் முடிந்து, காந்திபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் போட்டுக் காட்டினார்கள். நான் ராமசாமி சாரையும் வரச் சொல்லியிருந்தேன். அவருக்கு எண்பது நெருங்குகிறது. மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டுப்போனார். படம் முழுக்க அசையாமல் பார்த்தார். விளக்குப் போட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"படம் நல்லாருக்குது அம்மிணி. உம்பட வேலை எதுன்னு நானும் பாத்துட்டே இருந்தேன், கடைசி வரைக்கும் வரவே இல்லியே?"

"அந்தத் துப்பாக்கிங் சார்."

"அது பழைய இரும்பல்ல? ஏதோ பழைய சாமான் கடைல புடிச்சுட்டு வந்தாங்கன்னு இருந்தேன்."

ரியாஸிடமிருந்து வாங்கி அவர் கையில் கொடுத்தேன். வெயிட் இல்லாததைப் பார்த்துத் திடுக்கிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். முதல் நாள் மாதிரியே கட்டைவிரலால் தடவ ஆரம்பித்தார். குவாரியில் நடந்ததைச் சொன்னேன். வலது கைக்கென்று தேய்த்திருந்த பக்கத்தை அங்கேயே மறைத்தேன் என்றதும், அந்தப் பக்கத்தை ஒரு அங்குலம் விடாமல் தடவினார். விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார்.

அவர் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் மறுக்காப் போட்டுக் கொண்டா என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. இந்த வயதில் இது என்ன பயம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பதெல்லாம் இரண்டுதான். கீறலைப் போடுவதானாலும் மறைப்பதானாலும், முதலில் அது யார் கை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டேன். அப்புறம், தப்பு உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்றால், அதைச் சொல்ல வேண்டிய ஆளும் நீங்கள்தான்.

"எந்த எடம்?" என்று கேட்டார் சார்.

நான் காட்டவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை ரியாஸின் கையில் கொடுத்தார். அந்த முதல் நாளிலிருந்து ஒரு தடவைகூட வாயால் சொல்லாத வார்த்தையை அன்றைக்குச் சொன்னார்.

"சரி. டிஸ்பேட்ச் பண்ணிருங்க."